கடைசியாக மூடப்பட்டது பர்கர் கடை

2024 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்தில் ஒரு பர்கர் கடை மூடப்பட்டது. கலிஃபோர்னியாவில் பெயர்பெற்ற இன்-என்-அவுட் நிறுவனத்தின் கடை அது. விமான நிலையத்துக்குப் போகும் ஹெகன்பெர்கர் சாலை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் 18 ஆண்டுகள் நடந்தது. 1948இல் தொடங்கிய அந்த நிறுவனம் தன் வரலாற்றில் ஒரு கிளையை இழுத்து மூடுவது அதுவே முதல்முறை என்று செய்தித்தாள்கள் எழுதின.

மூடியதற்கு நிறுவனம் சொன்ன காரணம் குற்றம். வாடிக்கையாளர்களின் கார் கண்ணாடிகள் உடைக்கப்படுகின்றன, பொருட்கள் திருடு போகின்றன, ஆயுதம் காட்டி வழிப்பறி நடக்கிறது, எங்கள் ஊழியர்களையும் வாடிக்கையாளர்களையும் பாதுகாக்க முடியவில்லை என்றது. வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, நட்டத்தால் மூடவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. அதே சாலையில் 54 ஆண்டுகள் இருந்த டென்னிஸ் உணவகமும் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மூடப்பட்டிருந்தது.

செய்தி வந்தவுடன் சமூக ஊடகங்களில் தீர்ப்பும் வந்துவிட்டது. 'அந்த ஏரியா ஆட்களே அப்படித்தான். அவர்களுக்கு ஒரு நல்ல கடை வைத்துக் கொடுத்தாலும் காப்பாற்றத் தெரியாது.' இந்த வாக்கியத்தை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? சேரியைப் பற்றி, காலனியைப் பற்றி, நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டப்பட்ட நம் குடியிருப்புகளைப் பற்றி நாள்தோறும் சொல்லப்படும் வாக்கியம்தான் இது. ஊர் மட்டும்தான் வேறு. அதனால்தான் இந்தக் கடையின் கதையை நாம் படிக்க வேண்டியிருக்கிறது. குற்றம் நடந்தது உண்மை. ஆனால் அந்தக் கடைக்கு முன்னால் அந்த மக்களிடமிருந்து என்னென்ன மூடப்பட்டன என்று பார்க்காமல் கடையை மட்டும் பார்த்தால், பழி எப்போதும் அங்கே வாழ்பவர்கள் தலையில்தான் விழும்.

சிவப்புக் கோடு

ஓக்லண்ட், கண்டம் கடந்து வரும் ரயில் பாதையின் மேற்கு முனையாக வளர்ந்த நகரம். ரயில்களில் பயணிகளுக்குப் படுக்கை போட்டு, பெட்டி தூக்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் நகரின் மேற்குப் பகுதியில் குடியேறினார்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் கட்டிய பெரும் சங்கங்களில் ஒன்றான அவர்களுடைய சங்கத்தின் மேற்குக்கரைத் தலைவர் சி. எல். டெல்லம்ஸ் அங்கிருந்துதான் இயங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. டெக்சாஸ், லூசியானா போன்ற தென்மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்தன. 1940இல் ஓக்லண்டின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 1980இல் ஏறக்குறைய 47 விழுக்காடு.

இவர்கள் வந்து சேருமுன்பே, எங்கே வாழலாம் என்பது காகிதத்தில் முடிவாகியிருந்தது. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒவ்வொரு பெருநகரத்துக்கும் வரைபடம் தயாரித்தது. எந்தப் பகுதியில் கடன் கொடுத்தால் திரும்பி வரும், எங்கே வராது என்பதற்கு நிறம். பச்சை நல்ல பகுதி, சிவப்பு ஆபத்தான பகுதி. கறுப்பின மக்கள் வாழ்வதே ஒரு பகுதியைச் சிவப்பாக்கப் போதுமான காரணமாக இருந்தது. 1937இல் வந்த ஓக்லண்ட் வரைபடத்தில் மேற்கு ஓக்லண்ட் சிவப்பு. சிவப்புப் பகுதியில் வீடு வாங்கக் கடன் கிடைக்காது. வீட்டைப் பழுதுபார்க்கவும் கடன் கிடைக்காது. பழுது பார்க்காத வீடு இடியும். இடிந்த வீட்டைக் காட்டி, 'பார், இவர்கள் வாழும் இடத்தை' என்பார்கள்.

அப்படிச் சொல்லித்தான் இடித்தார்கள். 1957இல் சைப்ரஸ் தெருவின் மேல் இரண்டடுக்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அது மேற்கு ஓக்லண்டை இரண்டாகக் கிழித்தது. 1960இல் அஞ்சலகக் கட்டடத்துக்காக வீடுகளைத் தகர்க்கப் பழைய ராணுவ டாங்கி ஒன்றையே ஓட்டிவந்தார்கள். 'நகரப் புத்தாக்கம்' என்ற பெயரில் மேலும் பல தெருக்கள் போயின. கறுப்பினத்தவரின் கடைகளும் இசை அரங்குகளும் நிறைந்திருந்த ஏழாம் தெருவுக்கு மேலே மெட்ரோ ரயில் பாதை வந்தது. கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் நம் மக்களைக் கிளப்பியபோது சொன்ன சொற்களும் 'மேம்பாடு', 'அழகுபடுத்தல்' என்பவைதான்.

வீடு இழந்தவர்கள் கிழக்கு நோக்கிப் போனார்கள். பர்கர் கடை பிற்காலத்தில் வந்த கிழக்கு ஓக்லண்ட் இதுதான்.

தொழிற்சாலை போனது, சந்தை வந்தது, அதுவும் போனது

கிழக்கு ஓக்லண்டில் வேலை இருந்தது. 1916இல் தொடங்கிய செவர்லே கார் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. பழம், காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இருந்தன. ஆனால் கறுப்பினக் குடும்பங்கள் பெருமளவில் அங்கே குடியேறிய காலத்தில்தான் ஆலைகள் வெளியேறத் தொடங்கின. செவர்லே தொழிற்சாலை 1963இல் மூடப்பட்டு, உற்பத்தி தெற்கே ஃபிரீமான்ட் என்ற புதிய புறநகருக்குப் போனது. வேலை போன இடத்துக்குத் தொழிலாளியும் போகலாமே என்று கேட்கலாம். போக முடியாது. கிழக்கு ஓக்லண்டின் எல்லையைத் தாண்டினால் சான் லியாண்ட்ரோ. வெள்ளையருக்கு மட்டுமே வீடு விற்பது என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்ட ஊர். அந்தப் பத்திரங்களை நீதிமன்றம் வழியே அமலாக்க முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், வீட்டுத் தரகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் அந்த எல்லையைக் காத்தார்கள். 1970களின் தொடக்கத்திலும் அது ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் ஊராகவே இருந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓர் ஓடை இருப்பது நமக்குத் தெரியும். அங்கே அந்த எல்லை, நகராட்சி எல்லைக்கோடு.

வீடு விற்பதில் இனப் பாகுபாடு கூடாது என்று கலிஃபோர்னியா 1963இல் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே அதை ரத்து செய்ய மாநில மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் பாகுபாட்டின் பக்கம் விழுந்தன. அந்த முடிவை உச்ச நீதிமன்றம் 1967இல்தான் செல்லாது என்றது. பெரும்பான்மையின் வாக்கு வேறு, நீதி வேறு என்பதை அம்பேத்கரைப் படித்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மூடிய கார் தொழிற்சாலையின் நிலத்தில் ஈஸ்ட்மான்ட் மால் என்ற வணிக வளாகம் எழுந்தது. உற்பத்தி செய்த இடத்தில் விற்பனை. சங்கம் வைத்துச் சம்பளம் பேசிய வேலைகளின் இடத்தில் கடைச்சிப்பந்தி வேலைகள். அதுவும் நிலைக்கவில்லை. 1990களில் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. இன்று அந்தக் கட்டடத்தில் அரசின் நலத்துறை அலுவலகங்களும் காவல் நிலையமும் இருக்கின்றன. கார் செய்த நிலத்தில் முதலில் துணி விற்றார்கள். பிறகு உதவித்தொகைக்கு வரிசையில் நிற்க வைத்தார்கள். அமெரிக்கத் தொழில் நகரங்கள் பலவற்றின் அரை நூற்றாண்டு வரலாறு அந்த ஒரே நிலத்தில் இருக்கிறது.

இதற்கு நடுவே 1978இல் கலிஃபோர்னியாவில் சொத்துவரிக்கு உச்சவரம்பு வந்தது. பழைய சொத்துக்காரர்களுக்கு லாபம். பள்ளி, நூலகம், பூங்கா எல்லாவற்றுக்கும் வெட்டு. 2008 நெருக்கடியில், ஏமாற்றுக் கடன்களில் சிக்கிய கிழக்கு ஓக்லண்ட் குடும்பங்கள் வீடுகளைப் பறிகொடுத்தன. அன்று கடன் மறுத்துப் பிழிந்த வங்கித் தொழில், பின்பு மோசமான கடன் கொடுத்துப் பிழிந்தது.

மூன்று வேளையும் சோறு போட்ட பள்ளி

மக்கள் இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1966 அக்டோபரில் ஹியூய் நியூட்டனும் பாபி சீலும் இந்த ஓக்லண்டில்தான் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். மும்பையில் 1972இல் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரை எடுத்தது அவர்களிடமிருந்து. 1982இல் மதுரையில் அ. மலைச்சாமி அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். நம் தெருக்களில் 'சிறுத்தை' என்ற சொல் எழுந்ததன் வேர் ஒன்று ஓக்லண்டில் இருக்கிறது.

துப்பாக்கி ஏந்திய படங்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். அவர்கள் செய்த பெரிய வேலை வேறு. 1969 ஜனவரியில் மேற்கு ஓக்லண்டின் தேவாலயம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போட ஆரம்பித்தார்கள். அது வேகமாக மற்ற நகரங்களுக்கும் பரவியது. எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் அந்தக் காலை உணவைத்தான் பெரிய ஆபத்தாகக் கண்டு ஒடுக்கச் சொன்னார். பசித்த பிள்ளைக்குச் சோறு போடும் கட்சியை அந்தப் பிள்ளையின் தாயிடமிருந்து பிரிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1973இல் அவர்கள் நடத்திய பள்ளி கிழக்கு ஓக்லண்டில் ஒரு கட்டடத்துக்கு வந்தது. எரிக்கா ஹகின்ஸ் அதன் இயக்குநர். பிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவு, படிப்பு, இசை, உடற்பயிற்சி. அதன் தரத்தை மாநில சட்டமன்றமே பாராட்டியது. 1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. அரசின் ஒடுக்குமுறை ஒரு காரணம். தலைமையின் பணக் கையாடலும் கட்சிக்குள் மூண்ட வன்முறையும் இன்னொரு காரணம். இதை நாம் மறைக்கக் கூடாது. பள்ளியின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்கள். அவர்கள் கட்டியதை ஆண் தலைமை தின்று தீர்த்தது. நம் இயக்கங்கள் படிக்க வேண்டிய பாடம் இது.

2024இல் ஒரு பர்கர் கடை மூடியதற்கு அமெரிக்கா முழுவதும் விவாதம் நடந்தது. கறுப்பினப் பிள்ளைகள் மூன்று வேளையும் சாப்பிட்டுப் படித்த அந்த இடம் மூடியதைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

பர்கர் எப்படி உள்ளே வந்தது

தொடக்க காலத்தில் துரித உணவு நிறுவனங்கள் கறுப்பினப் பகுதிகளைத் தேடி வரவில்லை. அவை புறநகர் வெள்ளைக் குடும்பங்களுக்காக எழுந்தவை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் நகரங்கள் எரிந்தன. வெள்ளை முதலாளிகள் பலர் கடையை விட்டு ஓடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் சிகாகோவில் ஹெர்மன் பெட்டி என்பவர் மெக்டொனால்ட்ஸின் முதல் கறுப்பின உரிமதாரர் ஆனார். அடுத்த ஆண்டு அதிபர் நிக்சன் 'கறுப்பின முதலாளித்துவம்' என்ற முழக்கத்தோடு சிறுபான்மையினர் தொழில்களுக்கென அரசு அலுவலகம் ஒன்றைத் திறந்தார். வேலை, வீடு, பள்ளி கேட்ட மக்களுக்கு அரசு கொடுத்த பதில்களில் ஒன்று கடை. இந்த வரலாற்றை மார்சியா சாட்டலைன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் ஒரு நூலாகவே எழுதி, 2021இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

மக்களும் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல் கிளீவ்லண்ட் நகரத்தில், எங்கள் தெருவில் எங்கள் காசை வாங்கும் கடை எங்கள் ஆட்களிடம் இருக்க வேண்டும் என்று மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்கு எதிராகப் புறக்கணிப்புப் போராட்டம் நடந்தது. வென்றார்கள். கறுப்பின உரிமதாரர்கள் வந்தார்கள்.

ஆனால் உரிமம் என்பது உடைமை அல்ல. பெயர் நிறுவனத்துடையது. இடமும் பெரும்பாலும் நிறுவனத்தின் பிடியில். கடைக்காரர் வாடகையும் விற்பனையில் பங்கும் கட்ட வேண்டும். எந்தத் தெருவில் கடை என்பதையும் நிறுவனமே முடிவு செய்யும். விற்பனை குறைவான, காப்பீடும் காவலும் அதிகம் செலவு வைக்கும் இடங்களையே எங்கள் தலையில் கட்டினார்கள் என்று 2020இல் 52 முன்னாள் கறுப்பின உரிமதாரர்கள் மெக்டொனால்ட்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஹெர்ப் வாஷிங்டனும் இதே குற்றச்சாட்டோடு நீதிமன்றம் போனார். அவர் 1974இல் ஓக்லண்ட் ஏ'ஸ் பேஸ்பால் அணிக்காக விளையாடியவர். ஹெகன்பெர்கர் சாலைக்குப் பக்கத்து மைதானத்தில் ஓடியவர். அவருடைய கடைகளை 3.35 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்தது. பாகுபாடு காட்டவில்லை என்றே கடைசிவரை சொன்னது.

மறுபடியும் ஹெகன்பெர்கர் சாலை

இப்போது மூடிய கடைக்கு வருவோம். இன்-என்-அவுட் உரிமம் கொடுக்கும் நிறுவனம் அல்ல. எல்லாக் கிளைகளும் ஒரே குடும்பத்தின் சொத்து. கிழக்கு ஓக்லண்ட் மக்களுக்கு அதில் உரிமதாரர் என்ற பெயரளவுப் பங்குகூட இல்லை. கடை நின்ற இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, ஒரு பக்கம் விமான நிலையம், கூப்பிடு தூரத்தில் விளையாட்டு மைதானம். காரில் வந்து, வாங்கி, போகிறவர்களை நம்பிய கடை. பெட்டியோடு வரும் பயணியின் கார் திருடனுக்கும் வசதி.

அந்தச் சாலையை நிறைத்த கூட்டமும் குறைந்துகொண்டே வந்தது. 2019இல் கூடைப்பந்து அணி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. 2020இல் கால்பந்து அணி லாஸ் வேகாசுக்குப் போனது. 2024 செப்டம்பரோடு பேஸ்பால் அணியும் கிளம்பியது. பல்லாண்டு வரிப்பணத்தைத் தின்ற மைதானத்தைச் சுற்றிக் காலி வாகன நிறுத்தங்கள் மிஞ்சின.

குற்றம் கற்பனையா? இல்லை. 2023இல் ஓக்லண்டில் வழிப்பறியும் கார் திருட்டும் ஏறின. அதிகம் அடிபட்டவர்கள் கிழக்கு ஓக்லண்ட் மக்களே. அந்த ஆண்டு ஜூலையில், கறுப்பின மக்களின் நூற்றாண்டு கடந்த உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஓக்லண்ட் கிளையே அவசரநிலை அறிவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? போலீசின் அடியும் வேண்டாம், திருடனின் கத்தியும் வேண்டாம் என்று கேட்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. முற்போக்கு பேசுகிற நாம் இந்தக் குரலைக் கேட்காமல் விட்டால், அதை வேறு ஆட்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் 'அவர்கள் அப்படித்தான்' என்பது பொய் என்பதற்கு அதே நகரம் சாட்சி. 2012இல் 'சீஸ்ஃபயர்' என்ற திட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். துப்பாக்கி எடுக்கும் அபாயத்தில் இருக்கும் மிகச் சிறு எண்ணிக்கையிலான இளைஞர்களை அடையாளம் கண்டு, போதகர்களும் சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்து பேசுவது, வேலைக்கும் படிப்புக்கும் வழி காட்டுவது, கேட்காதவர்கள் மேல் மட்டும் காவல்துறை கவனம் செலுத்துவது. 2018க்குள் கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பின்பு, குறிப்பாகப் பெருந்தொற்றுக் காலத்தில், நகர நிர்வாகம் அதைக் கைவிட்டதுபோல் நீர்த்துப்போக விட்டது. எண்கள் மீண்டும் ஏறின. மக்கள் அதே மக்கள்தான். திட்டம் இருந்தபோது ஒன்று நடந்தது, இல்லாதபோது வேறொன்று நடந்தது.

கடை மூடியபோது ஊழியர்களுக்கு வேறு கிளையில் வேலையோ இழப்பீட்டுத் தொகையோ தருவதாக நிறுவனம் சொன்னது. நியாயம்தான். ஆனால் மூடலாமா என்று அந்தப் பகுதி மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தொழிற்சாலை போனபோதும் கேட்கவில்லை, மால் போனபோதும் கேட்கவில்லை, நெடுஞ்சாலை வந்தபோதும் கேட்கவில்லை. வருவதும் போவதும் வேறு எங்கோ முடிவாகிறது. பழி மட்டும் உள்ளூரில் தங்குகிறது. அந்தப் பழியோடு வாழ முடியாமலும் வாடகை கட்ட முடியாமலும் வெளியேறியவர்கள் ஏராளம். 1980இல் நகரத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்த கறுப்பின மக்கள் இன்று கால்பங்குக்கும் குறைவு.

நமக்கு என்ன?

கண்ணகி நகர் என்றும் பெரும்பாக்கம் என்றும் முகவரி சொன்னால் வேலை தர யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். சென்னையின் நடுவே வேலையும் பள்ளியும் பக்கத்தில் இருக்க வாழ்ந்தவர்களைப் பல கிலோமீட்டர் தள்ளிக் குவித்துவிட்டு, பிறகு அந்த இடத்தையே குற்றத்தின் பெயராக்கினார்கள். ஓக்லண்டின் சிவப்புக் கோட்டுக்கு நம் ஊரில் வரைபடம் தேவைப்படவில்லை. சாதி என்ற வரைபடம் ஏற்கெனவே எல்லார் தலையிலும் இருந்தது.

இன்னொன்று. 2005இல் தலித் இந்தியத் தொழில் வர்த்தகச் சபை தொடங்கியது முதல் 'தலித் முதலாளித்துவம்' என்ற பேச்சு நம்மிடையே இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின முதலாளிகளைச் சந்திரபான் பிரசாத் போன்றவர்கள் முன்மாதிரியாகக் காட்டினார்கள். நம் ஆட்கள் கடை வைப்பதை நாம் எதிர்க்கவில்லை. நம் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்த நாட்டில், நாம் உணவகம் நடத்துவதே ஒரு கலகம்தான். ஆனால் நிலம் யாருடையது, கடன் யார் கையில், எந்தத் தெருவில் நமக்கு இடம் என்று முடிவு செய்வது யார் என்ற கேள்விகளைக் கேட்காமல் வாங்கும் உரிமம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த 52 பேரின் வழக்கு காட்டுகிறது.

ஓக்லண்டில் இதற்கு மாற்றாகச் சிறிய முயற்சிகளும் உண்டு. மேற்கு ஓக்லண்டில் 2009 முதல் தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருந்து மண்டேலா மளிகைக் கூட்டுறவை நடத்துகிறார்கள். தரிசு நிலத்தில் ஒரு செடி அளவுதான். ஆனால் அதை மூடுவதா வேண்டாமா என்பதை வேறு ஊரில் இருக்கும் ஒருவர் தீர்மானிக்க முடியாது.

எனவே தோழர்களே, நம் பகுதியில் ஒரு கடை, ஒரு பள்ளி, ஒரு ரேஷன் கடை, ஒரு பேருந்து நிறுத்தம் மூடப்படும்போது, 'இந்த ஜனங்களே இப்படித்தான்' என்று சொல்ல ஒருவர் தயாராக நிற்பார். சில நேரம் அவர் நம்மில் ஒருவராகவே இருப்பார். அவருக்குக் கோபமாகப் பதில் சொல்வதோடு நிறுத்த வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். இந்த இடத்துக்கு நாம் எந்த ஆண்டு வந்தோம், யார் அனுப்பினார்கள், இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது, எது எப்போது மூடியது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு ஆணைகளை வாங்குங்கள். நம்மைப் பற்றிய குற்றப் பதிவேடுகள் காவல் நிலையத்தில் இருக்கின்றன. நமக்குச் செய்யப்பட்டவற்றின் பதிவேட்டை நாம்தான் எழுத வேண்டும்.